27 அடி பாய்மரப் படகில் கரை மின்சாரமும் பேட்டரி சார்ஜரும்: எர்த்தை என்ன செய்வது?

காயல்காற்று

வணக்கம். 27 அடி பாய்மரப் படகு. ஃபைபர் உடல், உள்ளே டீசல் எஞ்சின், வெண்கல ப்ரொப்பெல்லர். கொச்சி போல்காட்டி மரினாவில் நிற்கிறது. விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்ட 100 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, ஸ்டார்ட்டருக்கு 70 ஒன்று. எல்லாமே தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் வகை.

இப்போதைக்கு ஜெட்டியில் உள்ள மின் கம்பத்திலிருந்து வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து, காக்பிட் வழியாக உள்ளே விட்டு, கார் சார்ஜரை மாட்டியிருக்கிறது. இதை எடுத்துவிட்டு நிரந்தர வயரிங் போட வேண்டும். மூன்று கேள்விகள்:

1. கம்பத்திலிருந்து சார்ஜர் வரை என்னென்ன பாகங்கள், எந்த அளவில்?
2. எத்தனை ஆம்பியர் சார்ஜர்?
3. எர்த் வயரைக் கொடுத்தால் ஜிங்க் (ப்ரொப்பெல்லரை அரிப்பிலிருந்து காக்க, தான் கரைவதற்காக மாட்டும் துத்தநாகக் கட்டி) சீக்கிரம் கரைந்துவிடும், வெட்டிவிடு என்று ஜெட்டியில் இரண்டு பேர் சொல்கிறார்கள். சரியா?

கம்பிமுனை

மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில்: வெட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். வயரிங் முடியும் வரை அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கழற்றி வையுங்கள். உப்புக் காற்றில் அதன் பித்தளைத் தகடு பச்சை பிடித்துவிடும். தொடர்பு கெட்ட இடத்தில் அரை ஓம் தடை ஏறி, அதன் வழியே 10 ஆம்பியர் போனால், அந்தச் சின்னப் புள்ளியில் மட்டும் 50 வாட் சூடு பிறக்கிறது. சோல்டரிங் அயர்னுக்குச் சமம். படகில் பிளக் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். ஓவர்லோடு இல்லாததால் பிரேக்கர் விழாது.

கரையிலிருந்து வரிசையாகப் போவோம்.

கேபிள்: 3 கோர், 2.5 சதுர மி.மீ., ரப்பர் உறை போட்ட கனரக வகை. வெயிலில் பி.வி.சி. உறை விறைத்து வெடிக்கும். 15 மீட்டர் நீளத்துக்கு 16 ஆம்பியர் முழுவதும் இழுத்தாலும் சுமார் நாலு வோல்ட்தான் விழும், அது பிரச்சினை இல்லை. மிச்சக் கேபிளைச் சுருட்டிப் போட்டுப் பெரிய லோடு ஓட்டினால் சுருளின் நடுவில் சூடு தங்கும். பிரித்து, எட்டுப் போட்டு வையுங்கள்.

பிளக்: நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக், மூன்று பின். தண்ணீர் புகாத் தரத்தில் ஐபி44 தூறலுக்குத்தான் தாங்கும். திருகிப் பூட்டும் வளையம் உள்ள ஐபி67 வாங்குங்கள். கேபிளின் கம்ப முனையில் ஆண் பிளக், படகு முனையில் பெண் கனெக்டர். படகில் பதிக்கும் இன்லெட்டில் ஆண் பின்கள். இது எக்காரணம் கொண்டும் மாறக்கூடாது. மாறினால், கரையில் மாட்டிய கேபிளின் அடுத்த முனையில் 230 வோல்ட் வெறும் பின்னில் நிற்கும்.

இன்லெட்: காக்பிட் பக்கச் சுவரில், தண்ணீர் தேங்காத உயரத்தில், மூடியோடு. வெளியில் கேபிளும் உள்ளே வயரும் ஒரு தொங்கு வளைவு போட்டு வரட்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போய்விடும், டெர்மினலுக்கு ஏறாது.

பிரேக்கர்: இன்லெட்டிலிருந்து அரை மீட்டருக்குள். இடமில்லை என்றால் அதுவரை முழுவதும் கான்டுயிட் பைப்புக்குள் வயரை விடுங்கள், அப்போதும் 3 மீட்டர் தாண்டக்கூடாது. 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், ஏ டைப் ஆர்சிபிஓ (ஓவர்லோடுக்கும் எர்த் கசிவுக்கும் விழும் பிரேக்கர்). சார்ஜர் போன்ற எலெக்ட்ரானிக் லோடுகளில் கசியும் கரண்ட் துடிப்பான டிசி வடிவில் இருக்கக்கூடும். பழைய ஏசி டைப்புக்கு அது சரியாகத் தெரியாது.

கடையில் கவனிக்க வேண்டியது: அசல் இரண்டு போல். 'ஒரு போல் பிளஸ் நியூட்ரல்' என்று விற்பது இரண்டு வயரையும் துண்டிக்கும், ஆனால் ஓவர்லோடை ஒரு பக்கம் மட்டுமே பார்க்கும். ஜெட்டிச் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி வருவது நடக்கிற விஷயம். மாறினால் அந்தப் பாதுகாப்பு தவறான வயரில் உட்கார்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு சார்ஜருக்கு 6 ஆம்பியர் பிரேக்கர், 1.5 சதுர மி.மீ. வயர். ஒன்றிரண்டு சாக்கெட் வைத்தால் 2.5. உள்ளே ஒற்றைக்கம்பி வீட்டு வயர் வேண்டாம், படகின் அதிர்வில் டெர்மினல் ஓரத்தில் முறியும். பலயிழை வயர், முடிந்தால் டின் பூசியது. ஸ்க்ரூ டெர்மினலுக்குள் போகும் ஒவ்வொரு முனைக்கும் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்து நசுக்கும் சின்ன உலோகக் குழல்) போடுங்கள்.

தென்கரை

சார்ஜர் பற்றி நான்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மொத்தக் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம். ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தவிர்த்து உங்களுடையது 200 ஆம்பியர்-அவர். 25 ஆம்பியர் சார்ஜர் போதும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே சார்ஜ் ஆகவும் இடமிருக்கும். பாதி காலியான பேட்டரி 80 சதவீதத்துக்கு ஏறச் சுமார் இரண்டரை மணி நேரம். மிச்ச 20 சதவீதத்துக்கு இன்னும் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அது சார்ஜரின் குறையல்ல, லெட் ஆசிட்டின் இயல்பு. 50 ஆம்பியர் சார்ஜர் வாங்கினாலும் அந்தக் கடைசிப் பகுதி குறையாது.

கரையிலிருந்து இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. அதனால் 16 ஆம்பியர் லைன் தாராளம்.

தேட வேண்டியவை: மூன்று நிலை சார்ஜ், மெயின்ஸ் 180 முதல் 265 வோல்ட் வரை தாங்குவது, மூன்று தனித்தனி அவுட்புட், வெப்ப சென்சார். கடைசியது கொச்சி போன்ற இடத்தில் கட்டாயம். பெட்டியில் போட்டிருக்கும் 14.4 (அப்சார்ப்ஷன், நிறைக்கும் கட்டம்), 13.5 (ஃப்ளோட், நிறைந்த பின் தாங்கும் கட்டம்) வோல்ட் எல்லாம் 25 டிகிரிக்கான எண்கள். மூடிய லாக்கரில் பேட்டரி 38 டிகிரி போகும். 12 வோல்ட் லெட் ஆசிட்டுக்கு டிகிரிக்கு 24 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். 13 டிகிரி கூடுதல் என்றால் 0.31 வோல்ட். ஆக அப்சார்ப்ஷன் 14.1 பக்கம், ஃப்ளோட் 13.2 பக்கம் இருக்க வேண்டும். சென்சார் இல்லாத சார்ஜர் மாதக்கணக்கில் 13.5லேயே வைத்திருந்தால் தண்ணீர் வற்றி, தகடு வெளியே தெரிந்து, பேட்டரி இரண்டு வருடத்தில் போய்விடும். பழியைப் பேட்டரி கம்பெனி மேல் போடுவார்கள்.

இப்போதுள்ள கார் சார்ஜர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையாக இருந்தால் அதில் கட்டுப்பாடே கிடையாது. நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத படகில் அதை விட்டுவிட்டுப் போகக்கூடாது. கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும்.

சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். அமில ஆவி நேராக அதன் ஃபேனுக்குள் போகும். பக்கத்துச் சுவரில், மேலும் கீழும் 10 செ.மீ. இடைவெளி விட்டு, நின்ற வாக்கில்.

கம்பிமுனை

டிசி பக்கத்தில் எல்லோரும் தவறுவது ஃப்யூஸின் இடம். சார்ஜர் பக்கத்தில் வைப்பார்கள். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொட்டுவது பேட்டரி. 25 ஆம்பியர் சார்ஜரால் அது முடியாது. அதனால் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து 20 செ.மீ.க்குள். இந்த சார்ஜருக்கு 40 ஆம்பியர். மூன்று அவுட்புட் என்றால் மூன்று ஃப்யூஸ், ஒவ்வொரு பேட்டரி ஓரத்திலும் ஒன்று.

வயர்: போக வர மொத்தம் 4 மீட்டர் என்று வைத்தால் 6 சதுர மி.மீ.யில் 25 ஆம்பியருக்கு 0.29 வோல்ட் விழும், 10 சதுர மி.மீ.யில் 0.18. இரண்டுமே எரியாது. ஆனால் சார்ஜர் பார்ப்பது தன் டெர்மினலில் உள்ள வோல்ட்டேஜை. பேட்டரியில் 14.1 இருக்கும்போதே 14.4 வந்துவிட்டதாக நினைத்துக் கரண்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். கரண்ட் குறைந்ததும் இந்த இழப்பும் மறைந்து கடைசியில் நிறைந்துவிடும், நேரம்தான் நீளும். 10 போடுங்கள்.

இன்னொன்றைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சார்ஜரின் இரும்புப் பெட்டிக்கு ஏசி கேபிளோடு வரும் எர்த் 1.5 சதுர மி.மீ. உள்ளே டிசி பாசிட்டிவ் நழுவிப் பெட்டியைத் தொட்டால், பேட்டரியின் கரண்ட் அந்த ஒல்லி வயர் வழியாகப் போய் அதை எரித்துவிடும். எர்த் போனது யாருக்கும் தெரியாது. அதனால் பெட்டியிலிருந்து டிசி நெகட்டிவ் பஸ் பாருக்கு (நெகட்டிவ் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) தனியாக ஒரு தடித்த வயர், பாசிட்டிவ் வயரைவிட ஒரே ஒரு அளவுதான் குறையலாம். உங்களுக்கு 6 அல்லது 10.

ஜெட்டிப்பக்கம்

சார், நானும் எர்த் வேண்டாம்னுதான் சொல்வேன். பக்கத்துல ஒரு இரும்பு போட் வந்து நின்னா நம்ம ஜிங்க் மூணே மாசத்துல காலி. ஆர்சிபிஓ போட்டாச்சுல்ல, அது எர்த் இல்லாமலேயே ட்ரிப் ஆகும். டபுள் இன்சுலேஷன் சார்ஜரா வாங்கினா எர்த்துக்கு வேலையே இல்ல. ஏசி எர்த்தையும் டிசி நெகட்டிவையும் சேர்க்காதீங்க, அவ்வளவுதான்.

கம்பிமுனை

ஜிங்க் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு நீங்கள் சொல்லும் வைத்தியம் ஆபத்தானது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ஜிங்க் ஏன் கரைகிறது? எர்த் வயர் உங்கள் ப்ரொப்பெல்லரையும் பக்கத்துப் படகின் உடலையும் ஜெட்டியின் இரும்பையும் ஒரே கம்பியில் கோர்க்கிறது. எல்லாம் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. அது ஒரு பெரிய பேட்டரி. கடல்நீரில் ஜிங்க் சுமார் மைனஸ் 1.03 வோல்ட், இரும்பு மைனஸ் 0.6, வெண்கலம் மைனஸ் 0.3 அளவில் நிற்கும். வித்தியாசம் 0.4 முதல் 0.7 வோல்ட். உங்கள் ஜிங்க் ஊர் இரும்புக்கெல்லாம் காவல் நிற்கிறது.

கவனியுங்கள், ஒரு வோல்ட்டுக்கும் குறைவான டிசி. இதைத் தடுக்கத்தான் கால்வானிக் ஐசொலேட்டர். எர்த் வயரில் தொடராக, எதிரும் புதிருமாக வைத்த இரண்டு ஜோடி டயோடு. சுமார் 1.2 வோல்ட் வரை எதையும் விடாது. 230 வோல்ட் ஃபால்ட் வந்தால் உடனே கடத்தும். அரிப்பும் நின்றது, எர்த்தும் இருக்கிறது.

இப்போது எர்த் இல்லாத படகைப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரிலோ சார்ஜரிலோ இன்சுலேஷன் போய் ஃபேஸ் எஞ்சினைத் தொடுகிறது. எர்த் இருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் எஞ்சின், ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர் வழியாகக் கரண்ட் தண்ணீருக்குள் இறங்கும். உப்புத் தண்ணீர் மனித உடலைவிட நன்றாகக் கடத்துவதால் கரண்ட் ஆளைச் சுற்றிக்கொண்டு போகும். நல்ல தண்ணீரில் நேர்மாறு: உடல்தான் சுலபமான வழி. தசை இறுகி, நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார். கொச்சிக் காயல் தென்மேற்குப் பருவமழையில் கிட்டத்தட்ட ஆற்றுத் தண்ணீர், பெரியாறு கொண்டுவந்து கொட்டுகிறது. வெயில் காலத்தில் பாதுகாப்பாக இருந்த அதே படகு ஜூலையில் அப்படி இருக்காது.

ஆர்சிபிஓ எர்த் இல்லாமலும் ட்ரிப் ஆகும், சரி. ஆனால் கசிவு ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆகும். அது எதன் வழியாக ஓடும் என்பதுதான் கேள்வி. எர்த் இருந்தால் கம்பி வழியாக, இல்லாவிட்டால் தண்ணீர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ. உப்புக் காற்றில் அந்த மெக்கானிசமும் ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும் என்பதும் அதற்காகத்தான். ஒரே தடுப்பை நம்பிப் படகு கட்டக்கூடாது.

டபுள் இன்சுலேஷன் சார்ஜர் நல்லதுதான், அந்த ஒரு கருவிக்கு. நாளை யாராவது சாக்கெட்டில் இரும்பு உடல் ட்ரில் மெஷின் மாட்டுவார்கள்.

ஆகவே ஏசி எர்த் பஸ் பாரும் டிசி நெகட்டிவ் பஸ் பாரும் ஒரே இடத்தில் சேர வேண்டும், ஐசொலேட்டருக்குப் பிறகு. நியூட்ரலும் எர்த்தும் மட்டும் படகுக்குள் எங்கேயும் சேரவே கூடாது. அந்த இணைப்பு கரையில் இருக்கிறது.

தென்கரை

ஐசொலேட்டருக்குச் சில சேர்க்கைகள். இன்லெட்டிலிருந்து வரும் எர்த் முதலில் அதற்குள் போக வேண்டும். இன்லெட்டின் உலோக வளையமோ வேறு எர்த் வயரோ அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் போட்டும் பயனில்லை. கெபாசிட்டர் சேர்ந்த மாதிரி வாங்குங்கள். எர்த்தில் கொஞ்சம் ஏசி கசிந்தாலே டயோடு திறந்துகொள்ளும், பிறகு டிசியும் கூடவே போய்விடும். கெபாசிட்டர் அந்த ஏசிக்கு வேறு வழி தரும். உடைந்தாலும் ஷார்ட்டாகவே உடையும் வகை முக்கியம், ஏனென்றால் திறந்து உடைந்தால் எர்த் இல்லை.

சோதிக்க: கரை கேபிளைக் கழற்றி, ஐசொலேட்டர் முனைகளையும் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். 0.9 முதல் 1.2 வரை காட்டினால் சரி (கெபாசிட்டர் நிறையச் சில நொடி விடுங்கள்). பூஜ்யம் என்றால் ஷார்ட், ஜிங்க் கரையும். எண்ணே வராவிட்டால் திறந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

மழைக்காலக் காயலில் ஜிங்க் மேல் ஓடு படிந்து வேலை நின்றுவிடும். அலுமினிய ஆனோடு மாட்டுங்கள், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் வேலை செய்யும். ஒன்று மட்டும்: இரண்டையும் கலந்து மாட்டாதீர்கள்.

லங்காவியிலிருந்து

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் படகு அமெரிக்காவில் கட்டியது, 30 ஆம்பியர் 120 வோல்ட் பேனல். மலேசியாவின் லங்காவி மரினாவில் 230 வோல்ட். அடாப்டர் கேபிள் மட்டும் மாற்றினால் போதுமா? சார்ஜரில் 90 முதல் 265 வோல்ட் என்று எழுதியிருக்கிறது.

கம்பிமுனை

போதாது. சார்ஜர் தாங்கும், மற்றவை தாங்காது. 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் ஹீட்டர் 230ல் 5500 வாட் இழுக்கும்.

இரண்டு வழி. முழுப் பேனலையும் ஓட்ட 3.6 கே.வி.ஏ. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 230லிருந்து 120க்கு. கரை எர்த் படகுக்குள் வராது, அதனால் கால்வானிக் ஐசொலேட்டரும் தேவையில்லை. இங்கே மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் டிரான்ஸ்ஃபார்மரின் படகுப் பக்க முனையில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் பிறக்கும் இடம் இப்போது அதுதான். ஆனால் அது வோல்ட்டேஜைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸ் 50ஆகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸ் ஏர் கண்டிஷனர் கம்ப்ரஸர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிச் சூடாகும்.

சார்ஜர் மட்டும் போதும் என்றால் இதைவிட மலிவு: பழைய பேனலைத் தொடாமல் விட்டு, புது 230 வோல்ட் இன்லெட், ஆர்சிபிஓ, ஐசொலேட்டர், சார்ஜர் என்று தனி லைன். பழையதோடு ஒரு வயர்கூடச் சேரக்கூடாது, எர்த் தவிர.

வேலை செய்யும்போது நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்க வயரிங்கில் ஏசி ஃபேஸ் கறுப்பு. பழைய படகில் டிசி நெகட்டிவும் கறுப்பு. இந்தக் குழப்பத்தால்தான் அங்கே டிசி நெகட்டிவுக்கு மஞ்சளைப் பரிந்துரைக்கிறார்கள். ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

காயல்காற்று

பெரிய உதவி. வரைபடம் இப்படி வைத்திருக்கிறேன்: இன்லெட், 40 செ.மீ. தள்ளி ஆர்சிபிஓ, எர்த் மட்டும் நேராக ஐசொலேட்டருக்கு, அங்கிருந்து எர்த் பஸ் பார், அதிலிருந்து எஞ்சின் நெகட்டிவுக்கு ஒரு வயர். சார்ஜர் மூன்று அவுட்புட், மூன்று ஃப்யூஸ். படகில் ஏற்கெனவே 1000 வாட் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதன் அவுட்புட்டையும் அதே சாக்கெட்டுகளில் கொடுத்தால் கரையில்லாத நேரத்தில் வசதி. தற்காலிகமாக மாட்டிப் பார்த்ததில், கரையில் சொருகியதுமே ஆர்சிபிஓ விழுகிறது, சார்ஜர் அணைந்திருந்தாலும்.

கம்பிமுனை

விழுவது நல்ல காலம். இன்வெர்ட்டரின் அவுட்புட்டும் கரை லைனும் ஒரு நொடிகூட ஒன்றாகச் சேரக்கூடாது, இன்வெர்ட்டர் வெடிக்கும், கம்பத்துப் பக்கம் திருப்பி ஊட்டவும் கூடும். இரண்டு போலையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், நடுவில் ஆஃப் நிலை உள்ளது. 'கரை, ஆஃப், இன்வெர்ட்டர்'.

பல இன்வெர்ட்டர்கள் உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருக்கும். தனியே ஓடும்போது அது சரி. உங்கள் சாக்கெட் லைனோடு சேர்ந்ததும் கரை நியூட்ரலின் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்புகிறது, ஆர்சிபிஓ அதைக் கசிவாகப் பார்க்கிறது. இன்வெர்ட்டர் வயரைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். ஆர்சிபிஓ விழாமல் நின்றால் அதுதான் காரணம். நிற்காவிட்டால் கரை கேபிளை எடுத்துவிட்டு, சார்ஜரையும் கழற்றி, ஆர்சிபிஓவுக்குப் பின்னால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) போடுங்கள். ஒரு மெகாஓமுக்கு மேல் வர வேண்டும்.

தென்கரை

பின்னாளில் மழை பெய்த இரவில் மட்டும் கம்பத்துப் பிரேக்கர் விழுந்து உங்களுடையது விழாமல் இருந்தால், கோளாறு உங்கள் ஆர்சிபிஓவுக்கு முன்னால்: கேபிள், கனெக்டர், இன்லெட். அந்த இடத்தை உங்கள் பிரேக்கரால் பார்க்க முடியாது.

கசிவு பார்க்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் முழுக் கேபிளையும் அதற்குள் விட்டுப் பாருங்கள். போன கரண்டும் வந்த கரண்டும் அடித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஏதாவது காட்டினால் படகின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எல்லாம் அணைந்தும் எண் நின்றால் அது பக்கத்துப் படகிலிருந்து தண்ணீர் வழியாக வந்து உங்கள் எர்த்தில் ஏறுகிறது. மரினா அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள், அதுவரை யாரும் அந்த ஜெட்டியில் தண்ணீரில் இறங்கக்கூடாது.

காயல்காற்று

இன்வெர்ட்டர் வயரைக் கழற்றியதும் ஆர்சிபிஓ விழாமல் நிற்கிறது. மெகர் 20 மெகாஓமுக்கு மேல். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வரும்வரை இன்வெர்ட்டர் தனியாகவே இருக்கும். மாட்டும்போது எந்த முனை முதலில்?

கம்பிமுனை

ஆர்சிபிஓவும் கம்பத்துச் சுவிட்சும் ஆஃபில். படகு முனையை முதலில் சொருகி வளையத்தைப் பூட்டுங்கள், பிறகு கம்பம், பிறகு கம்பத்துச் சுவிட்ச், பொலாரிட்டி விளக்கை (ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் காட்டும்) பார்த்துவிட்டு ஆர்சிபிஓ. கழற்றும்போது கம்பத்து முனைதான் முதலில், கையில் உயிருள்ள கேபிளோடு ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் நிற்கும் நிலை வரவே கூடாது. முதல் நாள் சார்ஜர் முழு ஆம்பியரில் அரை மணி நேரம் ஓடிய பிறகு எல்லாவற்றையும் அணைத்துக் கேபிளைக் கழற்றி, இன்லெட்டின் மூன்று பின்னையும் தொட்டுப் பாருங்கள். மூன்றும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் பின்னால் உள்ள ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.